குறிப்பு என்கிற கட்டம்

சித்திரை லீவு விடுவதற்குள்
இருப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.
கருமாத்தூர் தாண்டி வண்டிப்பாதையில் இறங்கினால்
எங்கள் பள்ளி. ஈராசிரியர்.
சத்துணவுக் கணக்கு அந்தோணிச்சாமி சாருக்கு,
நூலகம் எனக்கு.
முட்டை எண்ணுவது சுலபம் என்பார்,
போனது திரும்பி வராது.

நூலகம் என்றால் ஒரு பச்சைப் பீரோ.
கதவு சாத்தாது.
கீழ்த்தட்டில் இரண்டு வருஷம் கரையான் படித்தது.
இப்போது பாச்சை உருண்டை வாசம்,
பாடம் நடத்தும்போதும் என் சேலையில்.

நானூற்றுப் பன்னிரண்டு என்கிறது பதிவேடு.
தரையில் பரப்பி, எண் ஒட்டிய சீட்டைப் பார்த்து
ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறேன்.
பிள்ளைகளுக்கு எண் தேவைப்படுவதில்லை.
தண்ணி பட்டு உப்புன புக்கு.
நடுப்பக்கம் இல்லாத புக்கு.
யோகபிரகாஷ் வாந்தி எடுத்த புக்கு.
அப்படிக் கேட்டால்தான் எனக்கும் சட்டென்று கிடைக்கிறது.

நானூற்றுப் பன்னிரண்டு.
நாலு வருஷத்தில் முதல் தடவையாகச் சரி.
டீ சொல்லவா என்றார் சார்.
டீ வருவதற்குள் பார்த்துவிட்டேன்:
இருநூற்றுப் பதினேழு இருக்க வேண்டிய இடத்தில்
ஐம்பத்தெட்டு.
எங்கள் ஐம்பத்தெட்டு சிலந்திப் புத்தகம்,
அது அதன் இடத்தில் இருக்கிறது.
இது வேறு.
சிமெண்ட் பைத் தாளில் அட்டை,
உள்ளே ரயில்,
ஓரத்தில் செங்கல் தூள் பட்ட கட்டைவிரல்.
முத்திரையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி வரை தெளிவு,
ஊர்ப்பெயர் ஈரத்தில் பரவி
பட்டி மட்டும் மிச்சம்.
பட்டி என்று முடியாத ஊர்
இந்தப் பக்கம் எத்தனை இருக்கிறது?

நாகஜோதி.
பொங்கல் கழிந்து வந்தவள், மூன்றாம் வகுப்பு.
வீடு காளவாசலில் என்றாள்.
டவுனில் பஸ் நிற்குமே, அந்தக் காளவாசலா?
இல்ல டீச்சர், நெசக் காளவாசல்.
கல் அறுக்கிற குடும்பம்.
சொந்த ஊர் கேட்டால் முந்தைய சூளையைச் சொல்வாள்.
தவளைப் புத்தகம், அதுதான் இருநூற்றுப் பதினேழு,
ஏழு தடவை எடுத்திருக்கிறாள்.
ஏழாவது கையெழுத்தில்தான்
ஜோ-வுக்குக் கொம்பும் காலும் சரியாக விழுந்திருக்கிறது.

பங்குனியில் பெய்த மழையில்
காய வைத்த பச்சைக்கல் எல்லாம் சேறாகிப் போனது.
மறுநாள் வந்தாள்.
பீரோ முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.
நான் குனிந்து எதையோ கூட்டிக்கொண்டிருந்தேன்.
அன்று ராத்திரி லாரி.
மாற்றுச் சான்றிதழ் கேட்டு
இன்றுவரை யாரும் வரவில்லை.

அந்தப் பட்டியில் ஒரு டீச்சர்
ஐம்பத்தெட்டைத் தேடித் தேடி
கடைசியில் கரையான் மேல் எழுதியிருப்பாள்.
நானும் அப்படித்தான் எழுதுவேன், எழுதியிருக்கிறேன்.
கரையான் தின்றதில் பாதி
எங்கேயோ எந்தச் சூளைக் கொட்டகையிலோ
சிமெண்ட் பைத் தாள் போர்த்திக்கொண்டு இருக்கலாம்.

குறிப்பு என்கிற கட்டம் இரண்டு விரல் அகலம்.
தொலைந்தது என்றால் பொய்.
கழிவு என்றால் அதைவிடப் பொய்.
மாற்றிக்கொண்டாள் என்று எழுத
விதியில் இடமில்லை, கட்டத்திலும் இடமில்லை.
மொத்தம் சரியா இருக்குல்ல, விடுங்க டீச்சர்,
என்றார் சார், ஆடை படிந்த டீயை ஊதியபடி.
காலியாகவே விட்டேன்.
அதிகாரி மொத்தத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு
உசிலம்பட்டி பஸ்ஸுக்கு ஓடினார்.

பழைய சீட்டைக் கிழிக்க மனசில்லை.
ஐம்பத்தெட்டுக்குக் கீழேயே
இருநூற்றுப் பதினேழு ஒட்டினேன்.

ஜூனில் பள்ளி திறந்த மூன்றாம் நாள்
யோகபிரகாஷ் வந்து நிற்கிறான்.
டீச்சர், அந்த ரெண்டு நம்பர் புக்கு.

கொடுத்தேன்.
கையெழுத்து வாங்க மறந்துபோனேன்.